கதவைச் சாத்திவிட்டுச் சமைத்தான்

கனகலட்சுமிக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை முத்துப்பாண்டி பட்டாளத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். பட்டாளத்தில் என்ன வேலை என்று அவள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. பட்டாளம் என்றால் துப்பாக்கி, பச்சை உடுப்பு, வருஷத்துக்கு ஒரு லீவு, கறுப்பு டிரங்குப் பெட்டி. அதற்கு மேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

அப்போது அவள் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவதில் கணக்குப் பாடம் போய்விட்டதால் சேர்ந்த வேலை. வெளுத்த துணியை மிஷினில் ஏற்றி ரோல் ரோலாகச் சுற்றி வெட்டும் இடத்தில் நாள் முழுக்க நிற்க வேண்டும். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவத்தில்கூடப் பஞ்சு படிந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு நிற்க வேண்டியதில்லை என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். முத்துப்பாண்டி லீவு முடிந்து ரயிலேறிய மறுவாரமே அவள் திரும்பவும் கம்பெனிக்குப் போனாள். புருஷன் இல்லாத வீட்டில் மாமியார் கண் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு, மிஷின் பக்கத்தில் நிற்பது தேவலை என்று இருந்தது.

அவன் சமையல்காரன் என்பது இரண்டாவது லீவில்தான் தெரிந்தது. கூட வேலை பார்த்த கடையநல்லூர்க்காரன் ஒருவன் ஊருக்குப் போகும் வழியில் இறங்கி வீட்டுக்கு வந்தான். கனகலட்சுமி வைத்த கோழிக் குழம்பைச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று மரியாதைக்குச் சொன்னவன், "ஆனா தங்கச்சி, நம்ம முத்து கைப்பக்குவம் யாருக்கும் வராது. அம்புட்டுப் பனியில இவன் ஆக்கிப் போட்ட சோத்துலதான் நாங்க உசுரோட கெடந்தோம்" என்றான். முத்துப்பாண்டி சட்டென்று பேச்சை ரயில் டிக்கெட் பக்கம் திருப்பினான். வந்தவன் போனதும் அவள் கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னான்.

"அங்க அது வேல. இங்க அத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத."

அவள் சொல்லவில்லை. அதற்கும் ஒருபடி மேலே போனாள். கம்பெனியிலும் தெருவிலும் கேட்டவர்களிடம் அவர் மிலிட்டரி லாரி ஓட்டுகிறார் என்றாள். ஏன் லாரி என்று அவளுக்கே தெரியாது. துப்பாக்கி என்று சொல்ல வாய் வரவில்லை. கரண்டி என்று சொல்லவும் வரவில்லை. நாளாக ஆக அந்த லாரியைப் பற்றி அவளுக்கு நிறையத் தெரிந்துபோயிற்று. மலைப்பாதையில் டயருக்குச் சங்கிலி கட்டித்தான் ஓட்டுவார்கள் என்று பக்கத்து வீட்டு ராஜு வீட்டம்மாவிடம் ஒருநாள் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லீவில் வரும் முத்துப்பாண்டி அடுப்படிப் பக்கம் தலைகாட்ட மாட்டான். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றாலும் கட்டிலில் இருந்தபடி குரல் கொடுப்பான். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவான். வெங்காயம் இன்னும் கொஞ்சம் வதங்கியிருக்க வேண்டும், புளியை முன்னாலேயே ஊற்றிவிட்டாய், மல்லி வறுக்கும்போது தீ கூடிவிட்டது. அவன் சொல்வது ஒவ்வொரு தடவையும் சரியாக இருக்கும். கம்பெனியில் நின்று வந்த காலோடு சமைத்தவளுக்கு அதுதான் எரிச்சல். தெரியாதவன் குறை சொன்னால் தள்ளிவிடலாம்.

அவன் இல்லாத மாதங்களில் வீட்டுக்கு ஆணும் அவள்தான். ஓட்டு வீட்டைப் பிரித்து மேலே தளம் போட்டாள். கொத்தனாரோடு சண்டை போட்டாள். மின்சார ஆபீசுக்கும் மகள் இந்து படித்த பள்ளிக்கூடத்துக்கும் மொபெட்டில் அலைந்தாள். மாமியார் படுக்கையில் கிடந்த வருஷமெல்லாம் கூடவே இருந்து பார்த்தாள். அவன் வந்ததும் அந்த ஒரு மாதத்துக்கு, சாக்கடை அடைப்பு எடுப்பதற்குக்கூட அவனைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று ஆகிவிடும். முத்துப்பாண்டியின் அண்ணன் ஐயாதுரை அடுத்த தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். எதற்கெடுத்தாலும், தம்பி வரட்டும் அவனைக் கேட்டுக்கொள்வோம் என்பார். தம்பி வந்து, எனக்கு என்ன தெரியும், அவளைக் கேளுங்கள் என்பான். கடைசியில் அவள் முன்பே முடிவு செய்ததுதான் நடக்கும். ஆனால் அதை அவன் வாயால் சொல்ல வேண்டும்.

அப்படியே வருஷங்கள் போயின. முத்துப்பாண்டி ஓய்வு பெற்று வந்து, ஒரு நூற்பாலையில் வாட்ச்மேன் வேலையில் சேர்ந்தான். கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரும் லாரிகளுக்குக் கதவு திறக்கும் வேலை. இந்துவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை காளிராஜ் போலீஸ்காரர். கனகலட்சுமி அப்போதும் கம்பெனிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். காலையில் எழுந்து இரண்டு வேளைக்கும் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போவாள். முத்துப்பாண்டிக்கு ஷிப்டு மாறி மாறி வரும். பகலில் வீட்டில் இருந்தாலும் மூடியைத் திறந்து போட்டுச் சாப்பிடுவதோடு சரி.

சில வருஷங்களாகவே அவளுக்கு அடிவயிற்று வலியும் உதிரப்போக்கும் இருந்தது. மிஷினை நிறுத்த முடியாத நாட்களில் துணியை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒருநாள் நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தபோதுதான் கூட வேலை பார்த்த பாண்டிசெல்வி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். மூன்று மாதத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது, குனிந்து நிமிரக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினாள்.

முதலில் இந்து கைக்குழந்தையோடு வந்திருந்து பார்த்தாள். அவள் மாமனார் வீட்டில் இருந்து தினமும் போன் வந்தது. யாரும் வா என்று கூப்பிடவில்லை. குழந்தை எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் கேட்டார்கள். நாலாவது, ஐந்தாவது தடவை கேட்டதும் அவள் புரிந்துகொண்டு கிளம்பிப் போனாள். ஐயாதுரை வீட்டில் இருந்து கொஞ்ச நாள் தூக்குவாளியில் சோறு வந்தது. பிறகு அதுவும் நின்றது. முத்துப்பாண்டி இரண்டு நாள் கடையில் இட்லியும் புரோட்டாவும் வாங்கி வந்தான். எண்ணெய் ஒத்துக்கொள்ளாமல் அவளுக்கு வயிறு ஊதியது.

மறுநாள் காலையில் அவன் தெருக்கதவைச் சாத்தித் தாழ் போடும் சத்தம் கேட்டது. பிறகு அடுப்படி ஜன்னலைச் சாத்தினான். என்ன செய்கிறான் என்று கனகலட்சுமி கட்டிலில் படுத்தபடி காதைக் கொடுத்தாள். கத்தி பலகையில் விழுகிற சத்தம், நிற்காமல், மழை மாதிரி ஒரே சீராக. அவள் வாழ்நாளில் அந்த வேகத்தில் யாரும் வெங்காயம் நறுக்கிக் கேட்டதில்லை. கடுகு வெடித்தது. சீரகமும் பூண்டும் தட்டிப் போட்ட வாசனை வந்தது. செத்த நேரத்தில் ஒரு தட்டில் குழைந்த சோறும் ரசமும், பக்கத்தில் பருப்புத் துவையலும் கொண்டுவந்து வைத்தான். தலையணையைச் சுவரோடு சாய்த்து அவளை உட்கார வைத்தான். அடுப்படியை அவள் இருந்த இடத்தில் இருந்தே பார்க்க முடிந்தது. அடுப்பு துடைத்திருந்தது. கரண்டிகள் ஒரே பக்கம் தலை வைத்து வரிசையாகக் கிடந்தன.

இரண்டு வாய் சாப்பிட்டாள். ருசியாகத்தான் இருந்தது. அவளுக்கு அழுகை வரும் என்றுதான் அவளே நினைத்தாள். வந்தது கோபம்.

"இம்புட்டும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தீக, இத்தன வருசமா."

"நீ ஒரு நாளும் கேக்கலயே" என்றான்.

கேட்டிருக்கலாமா என்று அவள் யோசித்தாள். அப்படிக் கேட்கலாம் என்பதே அவளுக்குத் தோன்றியதில்லை. அம்மாவோ, அக்காமார்களோ, கம்பெனியில் கூட நிற்கும் பெண்களோ, யார் வீட்டிலும் அப்படி ஒரு பேச்சு எழுந்து அவள் கேட்டதில்லை. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள்.

அப்படியே பத்து இருபது நாள் ஓடியது. கதவு சாத்தியிருக்கும். ஷிப்டுக்குப் போகுமுன் சமைத்து வைத்துவிட்டு, கையில் மசாலா வாசனை போக எலுமிச்சந்தோலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கதவைத் திறப்பான். ஒருநாள் அவன் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பாண்டிசெல்வி பின்வாசல் வழியாக வந்துவிட்டாள். முழங்கை வரை மாவு. அவன் அப்படியே நின்றான். கனகலட்சுமிதான் முந்திக்கொண்டாள். நான்தான் பிசைந்தேன், எடுத்து மூடி வைக்கச் சொன்னேன், மேலே கொட்டிக்கொண்டார் என்றாள். பாண்டிசெல்வி அவள் கையைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. கொண்டுவந்த பழத்தைக் கொடுத்து நலம் விசாரித்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு விஷயம் கம்பெனிக்கும் தெருவுக்கும் தெரிய நேரம் ஆகவில்லை. பார்க்க வந்த பெண்கள், நீ கொடுத்து வைத்தவள் என்றார்கள். அதைச் சொல்லும்போது வாய் ஒரு பக்கம் கோணியது. பக்கத்து வீட்டு ராஜு வீட்டம்மா தன் மருமகளிடம் தெலுங்கில் ஏதோ சொன்னாள். ராஜபாளையத்தில் பிறந்தவளுக்குத் தெலுங்கு புரியாதா? பாவம் மனுஷன், பெண்டாட்டி கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான் போலிருக்கிறது என்பதுதான் அது. டீக்கடையில் முத்துப்பாண்டியைப் பார்த்து, அண்ணே இன்னைக்கு என்ன குழம்பு என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவன் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லவில்லை. டீக்கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டதில் இருந்து அவளாகத் தெரிந்துகொண்டாள்.

பிறகு ஐயாதுரை வந்தார். முத்துப்பாண்டி ஷிப்டில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"கனகு, அவன் பட்டாளத்துல இருந்து வந்தவன். நாலு பேரு மதிக்கிற ஆளு. அவன அடுப்படியில நிப்பாட்டிட்டியேம்மா."

"அங்கயும் அவுக அடுப்படியிலதான நின்னாக, அத்தான்" என்றாள் அவள் மெதுவாக.

ஐயாதுரைக்குக் கோபம் வரவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னார். "அது சர்க்கார் வேலம்மா. அதுக்குச் சம்பளம் உண்டு. இது அப்படியா?"

அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அதை எடுத்துச் சொல்லத்தான் தெம்பு இல்லை. போதாததற்குத் தெருவில் லாரி ஓட்டியதும் அவள்தானே.

மறுநாளே அவள் எழுந்துவிட்டாள். டாக்டரம்மா சொன்ன கெடுவில் பாதிகூட ஆகவில்லை. முத்துப்பாண்டி அடுப்படிக்கு வந்தபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இன்னுஞ் செத்த நாள் படு" என்றான்.

வேண்டாம், எனக்குச் சரியாகிவிட்டது என்றாள். அவன் இன்னொரு தடவை சொல்லவில்லை. அவன் ஒரு தடவைதான் சொன்னான் என்பதை அவள் கவனித்தாள். அவன் முகத்தில் ஒரு சுமை இறங்கின தெளிவு வந்ததையும் கவனித்தாள். தெருக்கதவை அகலமாகத் திறந்து வைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பரை விரித்தான். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தான்.

அரிசிப் பானையை இறக்கினாள், குடத்தைத் தூக்கினாள், கிரைண்டர் கல்லை எடுத்துக் கழுவினாள். ஒரு மாதம் போனதும் கம்பெனிக்கும் போனாள். அடிவயிற்றில் தையல் போட்ட இடத்தில் ஒரு புடைப்பு தெரிந்தது. படுத்தால் உள்ளே போய்விடும். நின்றால் வெளியே வரும். சேலையை அதன் மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டால் போதும் என்று விட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும்படி சம்பந்தி வீட்டில் கூப்பிட்டார்கள். கூட்டத்துக்குப் பயந்து பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து வெயிலில் நடந்துதான் போனார்கள். மாப்பிள்ளை காளிராஜ் விடியற்காலையிலேயே பந்தோபஸ்து டூட்டிக்குப் போயிருந்தார். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். ஆண்கள் எல்லாம் ஹாலில் ஃபேனுக்கு அடியில். இந்துவும் அவள் மாமியாரும் இன்னும் நாலு பெண்களும் புகைக்கும் வியர்வைக்கும் நடுவில் அடுப்படியில். கனகலட்சுமி வந்ததும் வராததுமாகச் சேலையைச் செருகிக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தாள். விருந்தாளி நீங்கள் உட்காருங்கள் என்று சம்பந்தியம்மா ஒரு தடவை சொன்னாள். அவளும் ஒரு தடவைதான் சொன்னாள்.

தேர் நிலைக்கு வரும் நேரம் நெருங்கியது, ஹாலில் இலை போட்டார்கள். அண்டாவில் சோறு வெந்து நின்றது, வடிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு காதைப் பிடித்தால்தான் சாய்க்க முடியும். இந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கையில் வடை மாவு. கனகலட்சுமி துணியை மடித்துப் பிடித்து அண்டாவைத் தனியாகத் தூக்கினாள். தூக்கும்போதே ஹால் பக்கம் பார்த்தாள்.

அடுப்படி வாசலுக்கு நேரே முத்துப்பாண்டி உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்துவிட்டான். பாயில் கையை ஊன்றிப் பாதி எழுந்தான். பக்கத்தில் இருந்த இந்துவின் மாமனார் என்ன வேண்டும் என்பது போலத் திரும்பிப் பார்த்தார். முத்துப்பாண்டி வேட்டியைச் சரி செய்கிறவன் மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டு திரும்ப உட்கார்ந்தான்.

சோற்றை வடித்து அண்டாவைக் கீழே வைத்தது வரை அவளுக்கு நினைவு இருந்தது. அதற்குப் பிறகு வயிற்றுக்குள் எதுவோ கிழிந்து சரிகிற மாதிரி ஒரு வலி. தெரு முழுக்கக் கூட்டமாக இருந்ததால் ஆம்புலன்ஸ் வர முடியவில்லை. காளிராஜுக்குத் தகவல் போய், அவர் போலீஸ் ஜீப்பில் கூட்டத்தை விலக்கி வந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். உள்ளே தையல் விட்டுக் குடல் வெளியே வந்து சிக்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் முத்துப்பாண்டியிடம் சொன்னார். அவன் அதைக் கேட்டு, சரிங்க சார் என்று விறைப்பாக நின்றானாம். பிறகு வராந்தாவில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். இந்துதான் பிற்பாடு சொன்னாள்.

வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு மத்தியானம் அவன் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மற்ற கட்டில்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நான் எந்திரிச்சேன்" என்றான்.

"பாத்தேன்" என்றாள் கனகலட்சுமி.

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"பொறவு உக்காந்ததயும் பாத்தேன்."

"சம்பந்தி பக்கத்துல இருந்தாரு" என்றான். அவனிடம் சொல்வதற்கு இருந்த காரணம் அது ஒன்றுதான்.

கனகலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். திட்டலாம் என்றால் வாய் வரவில்லை. அவன் அன்றைக்கு எழுந்து உள்ளே வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அத்தனை பெண்களுக்கு முன்னால், நீங்க எதுக்கு இங்க வாரீக, போய் உக்காருங்க என்று அவளே விரட்டியிருப்பாள். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உண்மையிலேயே அசதியாக வந்தது. இப்படியே எத்தனை வருஷம் இரண்டு பேரும் அடுப்படி வாசலைக் காவல் காத்தோம் என்று தோன்றியது. யாருக்காகக் காத்தோம் என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு முத்துப்பாண்டி மறுபடியும் சமைத்தான். முதல் சில நாட்கள் பழையபடி கதவைச் சாத்தினான். கோடை போல அந்த ஆவணியில் வெயில் காய்ந்தது. ஒருநாள் சாத்த மறந்துவிட்டான். மறுநாள் சாத்தத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்கும் மில்லுக்கும் அலைந்து அவனும் களைத்துப்போயிருந்தான். டீக்கடைக்குத் திரும்பப் போனபோது முன்பு சிரித்தவர்களில் ஒருவன் அதே குழம்புக் கேள்வியைக் கேட்டான். முத்துப்பாண்டி புளிக்குழம்பு என்றான். வெந்தயத்தைக் கருகாமல் வறுப்பது எப்படி என்றும் சொன்னான். கேட்டவனுக்குச் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்ச நாளில் தெருவுக்குப் பேச வேறு விஷயம் வந்துவிட்டது.

இந்துதான் போனில் கேட்டாள். அப்பா இப்போதும் சமைக்கிறாரா என்று. ஆமாம் என்றதும், "இங்க இவுக வீட்டுல பேசுறாகம்மா. எனக்குத் தலகுனிவா இருக்கு. அவுக யாரும் வரும்போது மட்டும் அப்பாவ உள்ள விடாத" என்றாள். உனக்கு ஒரு நாள் உடம்பு முடியாமல் போனால் காளிராஜ் என்ன செய்வார் என்று கனகலட்சுமி கேட்டாள். அவர் என்ன செய்வார், கடையில் வாங்கித் தருவார் என்றாள் இந்து. அவள் குரலில் வருத்தம்கூட இல்லை. அந்தக் குரலை எங்கோ கேட்டது போல இருந்தது தாய்க்காரிக்கு. அது அவளுடைய குரல்தான்.

தை மாதம் ஐயாதுரையின் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்தில் குலதெய்வக் கோயில். கிடாய் வெட்டிச் சாப்பாடு. பேசி வைத்திருந்த சமையல்காரர் முதல் நாள் பைக்கில் விழுந்து கையை உடைத்துக்கொண்டார். ஐயாதுரை நேரே தம்பி வீட்டுக்கு வந்தார். ஏலே முத்து, நீதாம்லே நிக்கணும் என்றார். அப்போது அவன் அடுப்படியில்தான் இருந்தான். அவர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

முத்துப்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டித் தலையில் துண்டோடு மரத்தடியில் கல்லடுப்பு மூட்டி நின்றான். அவன் சொல்லச் சொல்ல ஆட்கள் விறகை இழுத்தார்கள், தள்ளினார்கள். பெண்கள் எல்லாம் ஒரு தார்ப்பாயில் உட்கார்ந்து விடிந்ததில் இருந்து சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்தார்கள். கனகலட்சுமியும் உரித்தாள். கண்ணீர் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள். வனத்துறை ஆட்கள் தீ பரவாமல் இருக்கிறதா என்று வந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் இலை போட்டார்கள். கறிக்குழம்பைச் சாப்பிட்டவர்கள் யார் சமையல் என்று கேட்டார்கள்.

ஐயாதுரை பந்தியில் நடந்துகொண்டே சொன்னார். "எந்தம்பி. பட்டாளத்துல குக்கு. ஒரு ரெஜிமெண்டுக்கே ஆக்கிப் போட்டவன்."

பந்தியில் ராஜு வீட்டம்மாவும் இருந்தாள். லாரி ஓட்டினார் என்று சொன்னாயே என்று அவள் கனகலட்சுமியைக் கேட்கவில்லை. இலையில் இருந்து தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். இந்துவின் மாமனார் இரண்டாம் முறை குழம்பு வாங்கிக்கொண்டார். சம்பந்தி, இதற்காகவே ஒரு நாள் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று சத்தமாகச் சொன்னார். மகள் முகத்தில் பெருமை பூத்ததைக் கனகலட்சுமி தார்ப்பாயில் இருந்து பார்த்தாள்.

சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாமனார், மாமியார், காளிராஜ், இந்து, குழந்தை. கையில் பால்கோவா டப்பா. முத்துப்பாண்டி நாட்டுக்கோழி எடுத்திருந்தான். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தே இருந்தன. இந்துவின் மாமனார் அடுப்படி வாசலில் நின்று, அவன் வேலை பார்த்த காஷ்மீர்ப் பனியில் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்றெல்லாம் கேட்டார். காளிராஜ் செல்போனில் வீடியோ எடுத்தார். இந்து மாமியாரிடம், எங்க அப்பா மிலிட்டரி குக்கு அத்தை என்று முன்பு யாருக்கும் தெரியாத விஷயம் போலச் சொன்னாள். அப்பாவின் கைப்பக்குவம் அம்மாவுக்கு வராது என்றும் சொன்னாள். கனகலட்சுமி ஆமாம் என்றாள். அது உண்மைதான்.

சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, வெயில் தாழ்ந்ததும் அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். முத்துப்பாண்டி தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். நல்ல அலுப்பு என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்தான்.

பின்வாசல் குழாயடியில் தட்டுகள், டம்ளர்கள், வடித்த பானை, எண்ணெய் படிந்த சட்டிகள் எல்லாம் குவிந்து கிடந்தன. சமைத்த பாத்திரத்தைக் கழுவும் பழக்கம் அவனுக்கு இல்லை. பட்டாளத்தில் அதற்கு வேறு ஆட்கள் உண்டு. அவனைக் கூப்பிட்டு இதையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள் கனகலட்சுமி. எங்கே தொடங்கி எப்படிச் சொல்வது, அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று நினைத்தபோது மலைப்பாக இருந்தது. நாளைக்குக் கம்பெனியில் காலை ஷிப்டு. இப்போது அவளுக்கு உட்கார்ந்து மடிக்கிற வேலைதான் கொடுத்திருந்தார்கள்.

குனியக் கூடாது என்பதால் பிளாஸ்டிக் முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்தக் கறிச்சட்டிய மட்டும் தூக்கி இங்கன வச்சிட்டுப் போங்க" என்றாள்.

அவன் எழுந்து வந்து தூக்கி வைத்தான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். அடி பிடித்திருக்கிறது, ஊற வைத்துத் தேய் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். கட்டில் கிறீச்சிட்டது. அவள் குழாயைத் திறந்து, டம்ளர்களில் இருந்து தொடங்கினாள்.